கஸ்தூரி சொன்னதும் நான் எழுதியதும்

போன மாதம், கை கால் வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் மையத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். இடுப்பு வலியால் ஐம்பது வயதிலேயே நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் தெரபிஸ்டுகள், பிள்ளைகளின் ஃபைலை இனிமேல் அச்சடித்த தாளில் டிக் அடித்து முடித்துவிடலாமே என்று கேட்கிறார்களாம். ஒவ்வொரு தாயையும் உட்கார வைத்து, அவள் சொல்வதைக் கேட்டு எழுதுவதில் கால் மணி நேரம் போகிறதாம். போவது உண்மைதான். அந்த வழக்கம் எப்படி வந்தது, ஏன் அப்படியே எழுதுகிறோம் என்று நான் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. என் கல்யாணப் போட்டோவில் என் முகமே தெரியாது, அத்தனை குனிந்திருப்பேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது படித்துக் காட்டட்டும்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வீடு மேனாம்பேட்டில். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஹெல்பராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் அதை மூடினார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த மையத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. கை கால் விறைத்த பிள்ளைகள், கழுத்து நிற்காத பிள்ளைகள், நாலு வயதாகியும் உட்காராத பிள்ளைகள் வருவார்கள். பெருக்குவது, பாய் விரிப்பது, நனைந்த துணிகளைச் சோடாவில் ஊறவைத்துத் துவைப்பது என் வேலை. மேடம் பயிற்சி கொடுக்கும்போது பிள்ளையின் இடுப்பை அசையாமல் பிடித்துக்கொள்வதும் என் வேலை. எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

மேடம் என்றால் கிரேஸ் மேடம். பிசியோதெரபிஸ்ட். மையம் அவர் பொறுப்பில் இருந்தது. நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிடுவார். என்னையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் சத்தம் வராது. "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பார். அவர் படித்து முடிக்கும்வரை அறையில் யாரும் வேறு வேலையைத் தொட மாட்டோம்.

முதலில் ஃபைல் இங்கிலீஷில்தான் இருந்தது. மேடம் எழுதுவார், பச்சை பீரோவில் வைத்துப் பூட்டுவோம். ஒரு நாள் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டே ஒரு அம்மா என்னிடம், "இன்னாண்ணே, எம் புள்ளையப் பத்தி மூணு வருசமா எழுதிக்கினே கீறாங்க. நல்லதா கெட்டதா?" என்றாள்.

"இங்கிலீசும்மா. எனக்கும் தெரியாது" என்றேன்.

"அப்ப எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. பீரோவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பின்னால் நின்ற மேடம் இதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் சிரித்ததோடு விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஃபைல் தமிழில் என்று ஆனது. பயிற்சி முடிந்ததும் கடைசிக் கால் மணி நேரம் தாயோ தகப்பனோ பாயில் உட்கார வேண்டும். மூன்று கேள்வி. இன்றைக்கு இங்கே என்ன பார்த்தீர்கள்? போன வாரம் வீட்டில் என்ன நடந்தது? அடுத்த வாரத்துக்குள் எது முடியும், எது முடியாது? எழுதத் தெரிந்தவர்கள் அவர்களே எழுதுவார்கள். தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் மேடம் தன் குறிப்பை எழுதுவார்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். "தண்ணி லாரி வர்ற அன்னைக்கு ஒண்ணும் முடியாது" என்றாள் ஒருத்தி. அதுவரை வாரம் ஏழு நாளும் பயிற்சி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு அப்பா, பேனாவைக் கையில் கொடுத்ததும் "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன்" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். கடைசி வரியில்தான் பிள்ளை கரண்டியைப் பிடித்த விஷயம் வந்தது.

சொல்லச் சொல்ல எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மேடம் எதிரில் உட்கார்ந்து கேட்டால் தாய்மார்கள் எல்லாவற்றுக்கும் "நல்லா கீது மேடம்" என்றுதான் சொன்னார்கள். என்னிடம் அப்படி இல்லை. நான் அவர்கள் பிள்ளைகளின் துணியைத் துவைக்கிறவன். எழுதும்போது தாளைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். கூச்சம்தான். ஆனால் அது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

முதல் வருடம் அவர்கள் சொன்னபடியே எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுதுவதே பெரிய பாடு. பிறகு மேடம் ஓரத்தில் எழுதும் வார்த்தைகள் எனக்குப் பழகிவிட்டன. 'முன்னேற்றம் தெரிகிறது.' 'ஒத்துழைப்பு நன்று.' 'ஒத்துழைப்பு இல்லை.' ஒரு சனிக்கிழமை, ஃபைல் பார்க்க வரும் டாக்டர் என் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டு, "யாருய்யா இது எழுதினது? எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவரா?" என்றார். மேடம் என்னைக் காட்டினார். அன்று சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனதே தெரியவில்லை. அதற்குப் பிறகு தாய்மார்கள் சொல்வதை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. கீது, கீறான் என்றெல்லாம் ஃபைலில் இருந்தால் டாக்டர் என்ன நினைப்பார்? நான் திருத்தி எழுத ஆரம்பித்தேன்.

கஸ்தூரி சேக்காட்டிலிருந்து வருவாள். ஆவடி ஸ்டேஷன்வரை நடந்து, ரயிலேறி, அம்பத்தூரில் இறங்கி, மறுபடியும் நடை. இடுப்பில் நாலு வயதுப் பெண், தேவி. தேவிக்கு இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். முட்டியை நீட்டிப் பிடித்து வைக்கும் பயிற்சிதான் முக்கியம். கஸ்தூரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் முனுசாமிக்கு இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. அவர் படித்தவர். ஆனால் மையத்துக்கு வந்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் பூந்தமல்லியில் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் பயிற்சி கிடையாது. தாய்மார்கள் வந்து வீட்டு விவரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். கஸ்தூரி முறை வந்தது. தேவி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காலு சூடா கீதுண்ணே" என்றாள். "வலது காலு. முட்டிக்கு மேல உப்பிக்கினு கீற மாதிரி கீது. கால நீட்டுறப்போ வீல்னு கத்துறா. மின்னயும் அழுவா. ஆனா இது வேற அழுவண்ணே."

நான் எழுதினேன்: 'பயிற்சியின்போது அழுகிறாள். ஒத்துழைப்பு இல்லை.'

விதிப்படி படித்தும் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "அப்டின்னா சூடா கீதுன்னு அர்த்தமாண்ணே?" என்று கேட்டாள்.

"எல்லாம் அதுல அடக்கம்" என்றேன்.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கட்டைவிரலை மையில் வைத்தாள்.

அந்தப் பதிலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது உண்மை. அவசரம் இருந்ததும் உண்மை. ஆனால் அவள் கேட்டாள். கேட்டவளுக்கு நான் அப்படித்தான் பதில் சொன்னேன்.

மறுநாள் மேடம் ஃபைல்களைப் பார்த்தார். தேவிக்கு ஒரு சீட்டு எழுதினார். 'அழுதாலும் நிறுத்த வேண்டாம். தினம் இரண்டு வேளை, ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கவும்.' ஆவடிக்கு வேறு வேலையாகப் போன நான்தான் அதைச் சேக்காட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றே படித்துக் காட்டினேன்.

"வலிக்குதேண்ணே அதுக்கு" என்றாள் கஸ்தூரி.

"மேடமே சொல்லிட்டாங்கம்மா" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேவியைப் பாயில் படுக்க வைத்துப் பாவாடையை விலக்கிய மேடம், கையை எடுத்துவிட்டார். தொடை வீங்கி இரண்டு பங்காக இருந்தது. "ஏகாம்பரம், ஆட்டோ கூப்பிடுங்க" என்று என்னிடம் சொன்னார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பில், முட்டிக்குக் கொஞ்சம் மேலே, விரிசல் தெரிந்தது. காலை ஊன்றி நிற்காத பிள்ளைகளுக்கு எலும்பு பலமில்லாமல் இருக்கும். லேசான இழுப்பிலேயே விரிசல் விட்டுவிடும். எந்த நாளில், யார் கையில் விட்டது என்பது கடைசிவரை தெரியவில்லை. பயிற்சியில் இடுப்பைப் பிடித்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டார்கள். மையத்துக்கு வரும் அதே டாக்டர்தான் கஸ்தூரியைக் கேட்டார். "கொழந்தைய எங்கம்மா கீழ போட்ட?"

"போடல சார். போன வாரமே சொன்னேன், காலு சூடா கீதுன்னு."

டாக்டர் நாங்கள் கொண்டுபோயிருந்த ஃபைலைப் புரட்டினார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. உன் கைநாட்டுதானே இது?"

கஸ்தூரி என்னைத் தேடினாள். நான் வாசலில் தேவியின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே தெரியும். வாய் வரவில்லை.

மூன்று நாள் அப்படியே இருந்தேன். பாய் விரித்தேன், துணி துவைத்தேன். பீரோ பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் முனுசாமி வந்தார், அவருடைய அக்காவோடு. பின்னால் கஸ்தூரி. தேவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பூந்தமல்லி பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருந்தது. அதில் சேர்ப்பதற்கான விண்ணப்பப் பாரத்தை முனுசாமி கொண்டுவந்திருந்தார். மேடம் கையெழுத்துப் போட வேண்டும்.

"இவ கையில புள்ள இருந்தா இன்னொரு காலும் போயிடும் மேடம்" என்றாள் அக்கா. "கீழ போட்டுட்டு ஒரு வாரம் மறைச்சிக்கினு இருந்துகீறா. கேட்டா, சொன்னேன் சொன்னேன்றா. யாராண்ட சொன்ன? செவுத்தாண்டயா?"

"சொன்னேங்க" என்றாள் கஸ்தூரி. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

முனுசாமி ஃபைலைக் கேட்டார். எங்கள் மையத்தில் அதைத் தகப்பனுக்குத் தரமாட்டோம் என்று சொல்ல முடியாது. அது அவர்களுடையது என்று ஆகிவிட்டிருந்தது. அவர் நின்றபடியே அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "பயிற்சியின்போது அழுகிறாள். ஒத்துழைப்பு இல்லை." பிறகு கஸ்தூரியிடம் திரும்பி, "எங்கடி கீது சூடு? ஒன் கைநாட்டு கீது. சூடு எங்க?" என்றார்.

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். மேடம் பாரத்தைக் கையில் வாங்கிவிட்டார்.

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன். "அவங்க சொன்னாங்க சார்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சூடா இருக்குன்னு சொன்னாங்க. உப்பியிருக்குன்னும் சொன்னாங்க. இது வேற அழுகைன்னாங்க. நான்தான் எழுதல."

"ஏன் எழுதல?" என்று முனுசாமி கேட்டார்.

"நல்லா எழுதணும்னு" என்றேன்.

"பாத்தியாடா" என்றாள் அக்கா. "இவங்களே எழுதுவாங்களாம், இவங்களே அடிப்பாங்களாம். காசா பணமா, ஒருத்தன ஒருத்தன் காப்பாத்திக்கிறாங்க."

மேடம் "சரி" என்றார். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். முதல் வருடப் பக்கங்களில் கஸ்தூரியின் பேச்சு அப்படியே இருந்தது. 'புள்ள இன்னிக்கி தானா பொரண்டுச்சி.' போகப் போக என் தமிழ் வந்துவிட்டது. 'நிலை திருப்தி.' மேடம் இரண்டையும் பார்த்தார் என்பது பக்கம் திருப்பும் வேகத்திலேயே தெரிந்தது.

முடித்துவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார். "அந்தத் தேதிக்குக் கீழேயே எழுதுங்க ஏகாம்பரம். அவங்க சொன்னது என்ன, நீங்க எழுதினது என்ன. பக்கத்தைக் கிழிக்க வேணாம், அடிக்கவும் வேணாம்."

எழுதினேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. எழுதி முடித்ததும் மேடம் அதன் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: 'இந்த வரியை நம்பி, குழந்தையைப் பார்க்காமலே பயிற்சியைக் கூட்டச் சொன்னேன். என் தவறு.' கையெழுத்துப் போட்டு முனுசாமியிடம் கொடுத்தார். பாரத்தில் போடவில்லை.

"இதை உங்க வீட்டம்மா மேல போட முடியாது" என்றார். "விடுதி வேணுமா வேணாமாங்கறது உங்க முடிவு. கட்டு பிரிக்கிறவரைக்கும் பொறுங்க. அப்புறமும் வேணும்னா கையெழுத்துப் போடறேன்."

முனுசாமி ஃபைலை இரண்டு தடவை படித்தார். பாரத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அக்கா வாசலில் என்னைப் பார்த்து, "நீ பேனா புடிக்காம தொடப்பத்தையே புடிச்சிருக்கலாம் நைனா" என்றாள். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடும்படி மேடத்திடம் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "சொன்னபடி எழுதத் தெரிஞ்சவர் நீங்கதான். நடுவுல மறந்துட்டீங்க." அதிலிருந்து வழக்கம் மாறியது. அவர்கள் வாயில் என்ன வந்ததோ அதுதான் தாளில். டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன மேடம், கேஸ் ஃபைலா இது, டீக்கடை பெஞ்சா?" என்றார். "டீக்கடைன்னா கால் சூடு தெரிஞ்சிருக்கும் டாக்டர்" என்றார் மேடம், தலையை நிமிர்த்தாமலே.

கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை கஸ்தூரி தேவியோடு வந்தாள். கூடவே முனுசாமி. அவர் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார், சட்டையில் எண்ணெய்க் கறை. விடுதி விஷயத்தில் அவர்கள் முடிவு என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. மேடம் தேவியின் காலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றேன்.

"எழுதுண்ணே" என்றாள் கஸ்தூரி. "நீதான் எழுதணும். ஆனா படிச்சிக் காட்டறது நீ வேணாம். அவுரு படிக்கட்டும்."

நான் பாயில் உட்கார்ந்தேன். முனுசாமி சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"காலு இப்ப ஜில்லுனு கீது" என்று ஆரம்பித்தாள். எழுதினேன். "ராத்திரி தூங்குறா. கட்டு பிரிச்ச காலப் பாத்து அதுவே சிரிக்குது." எழுதினேன். பிறகு சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "அவுரு புள்ளையத் தூக்கறதே இல்ல. பொறந்ததுலேர்ந்து நாலு தடவ தூக்கியிருப்பாரு. ரயில்ல நானே தூக்கிக்கினு வரேன், ஊட்லயும் நானே. இடுப்பு வுட்டுப்போச்சி. இத்த எழுது."

என் பேனா நின்றுவிட்டது. அந்த மனுஷன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். பழைய நானாக இருந்தால் 'தந்தையின் பங்கு போதாது' என்று எழுதியிருப்பேன். மேடத்தைப் பார்த்தேன். அவர் தேவியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். நாலு தடவை என்பதையும், இடுப்பு விட்டுப்போனதையும்.

ஃபைலை முனுசாமியிடம் கொடுத்தேன். அவர் முதல் இரண்டு வரியைக் கணீரென்று படித்தார். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது. நிறுத்தினார். "நிறுத்தாத, படி" என்றாள் கஸ்தூரி. கடைசிவரை படித்தார். கஸ்தூரி அந்தப் பக்கத்தில் கைநாட்டு வைத்தாள்; அவர் ஃபைலை மடியிலேயே வைத்துக்கொண்டு மேடம் பக்கம் திரும்பினார்.

"நானும் சொல்லலாமா மேடம்?" என்றார்.

"சொல்லுங்க. அதுக்குத்தானே" என்றார் மேடம்.

ஃபைலை என்னிடம் திருப்பித் தந்தார். நான் பேனாவைத் திறந்தேன், வழக்கம்போலத் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

"பிரஸ்ல இரும்புத் தகடு வெட்டுற கை சார் இது" என்றார். "தூக்குனா எங்கியாச்சும் ஒடைஞ்சிடுமோன்னு பயமா கீது. பொறந்ததுலேர்ந்து பயம். அதான் தூக்கறதில்ல. விடுதியில தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

"பயமா கீதுன்னே எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"அப்டியே எழுதுங்க."

எழுதி, இது அவர் சொன்னது என்பதால் நானே சத்தமாகப் படித்தேன். கஸ்தூரி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவரைப் பார்த்து, "இத்த எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள்.

"யாரும் கேக்கலயே" என்றார் அவர். பிறகு என்னிடம், "நான் எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். அவள் கைநாட்டுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் காட்டினேன்.